ஊசிக்குக் கேட்காத வலி

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் நின்று பைகளைத் திறந்து பார்ப்பதுதான் பெரியவளின் வேலை. ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண்கள் அவள் முன்னால் வரிசையாக நின்று, பையை விரித்துக் காட்டிய பிறகுதான் தெருவை மிதிக்க முடியும். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் நூல்கண்டு, குடை மடிப்புக்குள் லேஸ், கொண்டைக்குள் பட்டன் பொட்டலம் என்று அவள் பார்க்காத ஒளிவிடம் கிடையாது. தொழிற்சாலையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். யாராவது முகத்தைச் சுளித்தால், "மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல, திற" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

சின்னவளுக்கும் பட்டப்பெயர் உண்டு. அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். கையில் இருக்கிற கத்திரியைவிட வாயில் இருக்கிற கத்திரிக்குத்தான் கூர் அதிகம். அதனால் கத்திரி. வந்து உட்காருகிற பெண்களின் குடும்பக் கதையெல்லாம் அவள் நாற்காலியில்தான் கொட்டும். அப்பா அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவுக்குத் தங்கையும் தங்கைக்கு அக்காவும்தான். ஒருத்தி யாரையும் நம்பமாட்டாள்; இன்னொருத்தி ரோட்டில் வழி கேட்கிறவனிடம்கூட வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

சின்னவளுக்குக் குடலில் கட்டி என்று சொல்லி, ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் வெட்டுனா திரும்ப வளரும். இவங்க வெட்டுனது வளருமான்னு கேளுக்கா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள் பாதியில் முகம் வெளிறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வலித்தது. இருமல் வலித்தது. மூச்சை ஆழமாக இழுத்தால் வலித்தது.

அறுவை செய்த டாக்டர் கட்டில் முனையில் நின்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். "இருமணும். எழுந்து உட்காரணும். நடக்கணும். வலிக்குதுன்னு அப்படியே படுத்துக் கிடந்தா சளி நெஞ்சுல கட்டிக்கும். அது நுரையீரல்ல இறங்கிட்டா, நான் செஞ்ச வேலையெல்லாம் வீண்." வலி குறைய ஊசி எழுதியிருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடக்க வேண்டியதுதான் என்றார்.

ஊசி போட்டார்கள். வலிதான் ஊசிக்குக் கேட்கவில்லை.

எப்போதும் கேட்கவில்லை என்றால் பெரியவள் அதை விதி என்று விட்டிருப்பாள். ஆனால் மாலையில் கேட்டது. மாலை ஷிப்டுக்கு வருகிற நர்ஸ் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வருவாள். வந்த வேகத்தில் கையில் செருகியிருக்கும் குழாயில் ஊசியை ஏற்றிவிட்டு, பாட்டின் அடுத்த வரிக்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் சின்னவளின் நெற்றிச் சுருக்கம் விரியும். ஓங்கரிப்பு இரண்டொரு தடவை வரும், போகும். பிறகு பக்கத்துக் கட்டிலோடு வம்பளக்க ஆரம்பித்துவிடுவாள். காலையிலும் மதியமும் போடுகிறவள் வேறொருத்தி. தடித்த கண்ணாடி, இழுத்துக் கட்டிய கொண்டை, தேவையில்லாமல் ஒரு சொல் வராத வாய். அவள் நிறைய நேரம் எடுத்துக்கொள்வாள். மருந்துத் தட்டை முதுகுக்கு மறைவாக வைத்துக்கொண்டு ஏதேதோ உடைப்பாள், ஏதேதோ உறிஞ்சுவாள். அவள் போட்டுவிட்டுப் போனால் சின்னவள் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். இருமு என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒரே மருந்து, ஒரே உடம்பு. மாலையில் வேலை செய்வது காலையில் செய்யாமல் போகுமா? தொழிற்சாலையில் ஒரே மேஜையிலிருந்து காலை ஷிப்டில் மட்டும் ஜிப் குறைந்தால் யாரைப் பார்ப்போம்?

ஜன்னலோரக் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன ஒரு அம்மா இருந்தார். அவருக்குப் பொழுது போகவில்லை. பெரியவள் கண்ணாடி நர்ஸைப் பார்க்கிற பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, நீயும் கவனிச்சிட்டியா?"

"என்னத்த?"

"நான் வாயத் திறக்கலப்பா. நாளைக்கு எனக்கும் அவதான ஊசி போடணும்." கொஞ்ச நேரம் விட்டு அவரே வாயைத் திறந்தார். "வலி ஊசிக்கு வெளியில ஏக கிராக்கியாம். போதைக்கு வாங்குறானுங்களாம். உள்ளே தண்ணி, வெளியே மருந்து. அமுக்குனி மாதிரி இருக்கறவங்களத்தான் நம்பக் கூடாது. அந்தப் பாட்டுக்காரிய பாரு, மனசுல ஒண்ணுமில்ல, பாட்டா வெளிய வந்துடுது."

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்தச் சொல் விழ வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி நர்ஸ் வந்தாள். தட்டைத் திருப்பி வைத்தாள். சின்னவளின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். சின்னவள் கண்ணை மூடியபடியே ஆமாம் என்று தலையசைத்தாள். ஒரு ஊசி ஏறியது. இன்னொன்று. அப்புறம் ஒன்று. மறுபடி ஒன்று. வலிக்கு ஒரு ஊசி என்றுதானே டாக்டர் சொன்னார்? இத்தனை எதற்கு? நர்ஸ் காலியானவற்றை வாளியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், பெரியவள் செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து வாளிக்குள் பார்த்தாள். மேலாகவே கிடந்தது ஒரு பிளாஸ்டிக் குப்பி. சுண்டுவிரல் நீளம், மூக்கு திருகப்பட்டிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

உப்பு நீர்.

ஜன்னலோர அம்மா சொன்னது வெறும் வாய்க்குக் கிடைத்த அவல் இல்லை. கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. என் தங்கச்சி போர்வையைக் கடிக்கிறாள், இவள் அவள் உடம்பில் உப்புத் தண்ணீரை ஏற்றிவிட்டு மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள்!

அன்று காலை டாக்டர் வந்து சின்னவளின் முதுகில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக் கேட்டார். முகம் நன்றாக இல்லை. "வலது பக்கம் கீழே சத்தம் கேக்குது. இவங்க இருமுறாங்களா இல்லையா?" என்று பெரியவளைத்தான் கேட்டார், பெரியவள்தான் இருமவில்லை என்பதுபோல. சின்னவள் ஒரு தடவை முயன்று பார்த்தாள். நாய்க்குட்டி தும்மியது மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கியது.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுந்து நிக்கலேன்னா நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

மதிய ஊசியும் அதே மாதிரிதான். அதற்குப் பிறகு ஷிப்டு மாறுகிற நேரம். கண்ணாடி நர்ஸ் தோளில் பையை மாட்டிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தாள். பெரியவள் அங்கே நின்றிருந்தாள். ஒரு கை கதவு நிலையில், ஒரு கை இடுப்பில். இத்தனை வருஷமாக எந்த வாசலில் நின்றாளோ அதே நிற்பு.

"பையத் திறங்க."

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. "என்ன?"

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல. திறங்க."

ஜன்னலோர அம்மா தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டார். "அக்கா, என்னக்கா பண்றே!" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது, வலியில் அது பாதிதான் எழும்பியது.

பெரியவள் பிளாஸ்டிக் குப்பியை நீட்டினாள். "இது என்னது? உப்புத் தண்ணி. இதத்தான ஏத்துறீங்க என் தங்கச்சிக்கு? மருந்து எங்க?"

நர்ஸ் குப்பியைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையைத் தோளிலிருந்து கழற்றித் திறந்து நீட்டினாள்.

பெரியவளின் கை தானாக உள்ளே போனது. சாப்பாட்டு டப்பா, திறந்து பார்த்தாள், அடியைத் தட்டிப் பார்த்தாள். மடிக்குடை, விரித்தாள். கைக்குட்டைக்குள் சுற்றிய வேறொரு கண்ணாடி, ஒரு கால் ஒடிந்தது. தீரப்போகிற தைலக் குழாய். அவ்வளவுதான்.

"பாக்கெட்டு?" என்றாள் நர்ஸே, குரல் உயராமல். சீருடையின் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். சின்னக் கத்திரி, பிளாஸ்திரிச் சுருள், பேனா. "ஷூவையும் கழட்டட்டுமா?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் போதும் என்றிருப்பார்கள். ஆனால் பெரியவளுக்குத் தெரியும்: ஷூவைக் கழட்டட்டுமா என்று தானாகக் கேட்கிறவர்கள்தான் ஷூவில் வைத்திருப்பார்கள்.

"கழட்டுங்க" என்றாள்.

நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே ஒன்றும் இல்லை. காலுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நாள் பட்டு அழுக்கேறியிருந்தது. அவள் அதை மறைக்க முயலவில்லை. பெரியவள்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் யாரோ ஓடிப்போய் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

குள்ளமான அம்மாள். கோட்டில் டீக் கறை. வாசலில் ஒருத்தி வெறுங்காலோடு நிற்பதையும் ஒருத்தி குப்பியை நீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் விட்டுவிட்டு நேரே சின்னவளின் கட்டிலுக்குப் போனாள்.

"வலி எப்போ குறையுது, எப்போ குறையல? நீயே சொல்லு."

"சாயங்காலம் தேவலை டாக்டர். காலையிலயும் மத்தியானமும் உயிர் போகுது."

"காலையில என்னென்ன போட்டீங்க சிஸ்டர்?"

கண்ணாடி நர்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். "முதல்ல வாந்தி ஊசி. அப்புறம் குழாயக் கழுவ உப்புத் தண்ணி. ரெண்டும் உள்ள கலக்கக் கூடாதுல்ல? அதுக்கப்புறம் வலி ஊசி. மறுபடி கழுவி விடுவேன்."

"வாந்தி ஊசி தேவைப்பட்டா மட்டும்னுதான சொல்லியிருந்தோம்?"

நர்ஸ் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கூரையைப் பார்த்தாள்.

"நான்தான் கேட்டேன் டாக்டர்" என்றாள் சின்னவள். "முதல் நாள் காலையில ஓங்கரிச்சப்போ தையல் பிரிஞ்சு எல்லாம் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். வலியக்கூடப் பொறுத்துக்கலாம், அதத் தாங்க முடியாது. வாந்தி வர்றதுக்கு முன்னாடியே போட்டுடுங்கன்னு சிஸ்டர் காலப் பிடிக்காத குறையா கேட்டேன். பாவம், அவங்க ஒவ்வொரு தடவையும் போடட்டுமான்னு கேட்டுட்டுத்தான் போட்டாங்க."

அந்த நேரத்துக்குப் பாட்டுக்கார நர்ஸும் ஷிப்டுக்கு வந்துவிட்டாள். "நான் வாந்தி ஊசியெல்லாம் போடறதில்லயே" என்றாள். "கழுவறதுக்கெல்லாம் எங்க நேரம்? ஆறு கட்டிலு." பெருமையா சலிப்பா என்று தெரியாத குரல்.

டாக்டரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். பெரியவளைப் பார்த்துத்தான் சொன்னாள். "இங்க பாருங்கம்மா. இவங்களுக்குக் குடுக்கற வலி மருந்து பல வழியில வேலை செய்யும். அதுல ஒரு வழி, உடம்புல ஊறுற ஒரு சரக்கக் கூட்டி, முதுகுத்தண்டுல வலிச் சேதி மேல ஏறாம அமுக்கறது. வாந்தி ஊசி என்ன பண்ணும்னா, அதே சரக்கு போய் ஒட்டற இடத்த அடைச்சிடும். அடைச்சாத்தான் குமட்டல் நிக்கும். ஆனா அதோட சேர்ந்து வலிய அமுக்கற வேலையும் கொஞ்சம் கெட்டுப்போகும். எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. சிலருக்கு ஆகும். இவங்களுக்கு அப்படி இருக்கலாம்."

"இருக்கலாமா?" என்றாள் பெரியவள். "அப்போ உறுதி இல்லையா?"

"உடம்பு விஷயத்துல உறுதின்னு சொல்றவங்கள நானே நம்பமாட்டேன்."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு ஆயிடுச்சு" என்றாள் சின்னவள் முணுமுணுப்பாக. "அதுல அந்தப் பூசாரியக் கூப்பிட்டதே நான்தான்."

டாக்டரம்மா வாந்திக்கு வேறு ஜாதி மருந்து ஒன்றைச் சொன்னாள். அது இந்த வழியைத் தொடாதாம். அதுவும் குமட்டல் வந்தால் மட்டும். ஆளை அசத்தித் தூங்க வைக்கக்கூடிய மருந்து, அதனால் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நர்ஸுகள் இருவரிடமும் சொன்னாள். போகிற போக்கில் பெரியவளின் கையிலிருந்த குப்பியை வாங்கி வாளியில் போட்டுவிட்டுப் போனாள்.

கண்ணாடி நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பெரியவள் ஒதுங்கி வழி விட்டாள். ஜன்னலோர அம்மா மட்டும், "நான் அப்பவே நினைச்சேன், அந்தப் பொண்ணு முகத்துல களவாணிக் களை இல்லையேன்னு" என்றார். சின்னவள் வலியோடு தலையைத் திருப்பி, "அம்மா, உங்க நாக்குக்கும் ஒரு தையல் போட்டு அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அன்று மாலை சின்னவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் காலை ஊசிக்குப் பிறகு, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினாள். முழு இருமல். சளி வந்தது. டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாததே பெரிய நல்ல சேதி.

பெரியவளுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்து நின்றது. அதைத் தாண்டி வரவிடாமல் மனசின் மூலையில் ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. மருந்து மாறியதால் வலி அடங்கியதா? அல்லது வாசலில் வைத்து மானம் போனதால், பயந்துபோய் இன்றுதான் நிஜ மருந்தைப் போட்டாளா? பையில் இல்லை என்றால் எடுக்கவில்லை என்று அர்த்தமா? அன்றைக்கு அந்தப் பையில் இல்லை, அவ்வளவுதானே தெரியும்? சின்னவள் இல்லாமல் போன பின்பும் இந்தக் கேள்வி பெரியவளை விடவில்லை. கட்டி திரும்பி வந்து, அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவிடாமல் அவளைக் கொண்டுபோன பிறகு, தனியாக உட்கார்ந்து அந்த வார்டை நினைக்கும்போதெல்லாம் டாக்டரம்மா சொன்னதை ஒரு தட்டிலும் தன் சந்தேகத்தை ஒரு தட்டிலும் வைத்துப் பார்ப்பாள். டாக்டரம்மாவின் தட்டு எப்போதும் தாழும். ஆனாலும் மறு தட்டிலிருந்து எதையும் எடுத்து எறிய அவளுக்குக் கை வந்ததில்லை. காமாலைக் கண்ணுக்குத் தான் மஞ்சள் என்று தெரிந்தால் மட்டும் மஞ்சள் போய்விடுமா?

அதெல்லாம் பின்னால் நடந்தது. வாசலில் பையைத் திறக்கவைத்த பிறகு, கண்ணாடி நர்ஸ் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்பாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள். கேட்கவில்லை. அந்த மறுநாள் காலையும் அதே நேரத்துக்கு வந்தாள். தட்டை இந்தத் தடவை முதுகுக்கு மறைவாக வைக்கவில்லை. பெரியவளின் மடிக்கு நேராக வைத்தாள். ஒவ்வொரு குப்பியையும் உடைப்பதற்கு முன் எடுத்து, பெயர் தெரிகிறபடி திருப்பி, பெரியவளின் உள்ளங்கையில் வைத்தாள். "பாத்துக்கங்க." பெரியவள் பார்க்கும்வரை காத்திருந்தாள். திரும்ப வாங்கி உடைத்தாள். உப்பு நீர்க் குப்பியையும் அப்படியே. பெரியவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் கண் மட்டும் குப்பியின் எழுத்தை விடாமல் படித்தது. வெட்கமும் சந்தேகமும் ஒரே பாயில் படுக்கும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மதியமும் அதே மாதிரி நடந்தபோது சின்னவள் பொறுக்கவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு."

"எதுக்குடி?"

"ஊசி போட்டுக்கணும்."

"நான் இருந்தா என்ன? நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

"நீ பாட்டுக்கு உக்காரமாட்டே. உன் கண்ணு உள்ள பூந்து என் நரம்புக்குள்ள எட்டிப் பாக்குது. என் உடம்புல என்ன போகுதுன்னு எனக்குத் தெரியும்கா. அவங்க கைய நான் நம்பறேன். நம்புறது என் வலி, உன் வலி இல்ல. போ."

சின்னவள் அக்காவை 'போ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவள் எழுந்து போனாள். நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே இரண்டு குரல் கேட்டது. சின்னவள் ஏதோ சொன்னாள்; தேவையில்லாமல் ஒரு சொல் பேசாத அந்தப் பெண் சிரித்தாள். என்ன சொல்லியிருப்பாள்? என்னைப் பற்றித்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். சின்னவள் ஒரு கையால் நர்ஸின் தோளைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையால் வயிற்றோடு தலையணையை. கால்கள் தரையைத் தேடித் தேடி வைத்தன. சிறுநீர் இறங்குகிற பிளாஸ்டிக் பை குழாயோடு தொங்கியது. நர்ஸ் அதைப் பெரியவளிடம் நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

முதல் ஜன்னல் வந்தது. "போதும், திரும்பலாம்" என்றாள் நர்ஸ்.

"அடுத்த ஜன்னல் வரைக்கும் சிஸ்டர். அங்க வெளிச்சம் நல்லா இருக்கு. உங்க கொண்டைய எவ கட்டுனான்னு பாக்கணும்."

"நானேதான் கட்டுனேன்."

"அதான் பாத்தேன். மொதல்ல உங்களுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

நர்ஸ் மறுபடி சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் ஒடியாமல் முழுதாக வந்து முடிந்தது. பெரியவளுக்குக் கண் மங்கியது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் முடியாது என்று தோன்றியது. இரண்டெட்டு முன்னால் வந்து, குழாய்ப் பையை மார்போடு உயர்த்திப் பிடித்தபடி, "சிஸ்டர், நேத்து வாசல்ல நான்…" என்று ஆரம்பித்தாள்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பார்வை பெரியவளின் முகத்துக்கு வரவில்லை, கையோடு நின்றுவிட்டது.

"பையத் தூக்கிப் பிடிக்காதீங்க. திரும்ப உள்ள ஏறிடும். தாழ்த்திப் பிடிங்க."

பெரியவள் தாழ்த்திப் பிடித்தாள்.